படுக்கையைக் கூடவே இழுத்துக்கொண்டு

மே 27, பெமிட்ஜி

அக்கா லொரெய்னோடு காலையில் மறுபடியும் சண்டை. சண்டை என்றால் மினசோட்டாச் சண்டை. அவள் "அது சரி" என்றாள். நான் "பார்க்கலாம்" என்றேன். இரண்டு பேரும் காபியைக் குடித்து முடித்தோம். அவளுக்குக் காது சிவந்திருந்தது. எனக்கும் சிவந்திருக்கும்.

நான் டிரெய்லரை விற்க வேண்டும் என்கிறாள் அக்கா. முட்டை மாதிரி உருண்ட சின்னப் பெட்டி அது. உள்ளே ஒரு படுக்கை, இரண்டு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, முட்டி இடிக்கும் கழிப்பறை. பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். என் கணவர் ஆரின் இருந்தவரை அவர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன், அவர் கேட்காமல் தப்பான திருப்பத்தில் திரும்பினார். அவர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

"அறுபத்தெட்டு வயசுல தனியா அதை இழுத்துக்கிட்டு மொன்டானா மலை ஏறப் போறியாடீ? பக்கக் காத்து அடிச்சா வால் ஆடும். பெட்ரோல் ஒண்ணுக்கு ரெண்டாக் குடிக்கும். பின்னாடி எடுக்கவே உனக்குத் தெரியாது. டயர் வெடிச்சா யாரு மாத்துவா?"

அவள் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

என் பக்கத்து நியாயத்தையும் சொன்னேன். மோட்டார்வீடு வாங்கியவர்கள் பால் வாங்கக்கூட வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். நான் கழற்றிவிட்டு பிக்கப்பில் போகலாம். விடுதிப் படுக்கையில் யார் யாரோ படுத்திருப்பார்கள். இதில் நான் மட்டும், என் கதவு, என் தாழ்ப்பாள். எல்லாவற்றுக்கும் மேலே, யார் வீட்டுக்குப் போனாலும் யாருக்கும் பாரமில்லை, என் படுக்கை என்னோடு வருகிறது.

"அது சரி," என்றாள்.

அவள் குடியிருக்கும் கட்டடத்தில் கீழ்த்தளத்து வீடு ஒன்று செப்டம்பரில் காலியாகிறது. எனக்காகச் சொல்லி வைக்கவா என்று கேட்டாள். என் வீட்டை வசந்தத்தில் விற்றாகிவிட்டது, சாமான்கள் அவளுடைய நிலவறையில் கிடக்கின்றன. வேண்டாம் என்றேன்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஐடஹோவில் இருக்கிற என் மகன் கர்ட், "இங்கேயே இரும்மா" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் போகிறேன். மற்றதெல்லாம் சும்மா.

மே 30

தேவாலயத்தின் வண்டி நிறுத்துமிடம் காலியாக இருந்தது. பின்னால் எடுத்துப் பழகினேன். டிரெய்லர் இடது பக்கம் போக ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை. அடையாளத்துக்கு வைத்த வாளிகள் மூன்றையும் நசுக்கினேன். போதகர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதையாகத் திரையை இழுத்துவிட்டார்.

ஜூன் 2, வடக்கு டகோட்டா

காற்று. காலையிலிருந்து காற்று. லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது முதலில் டிரெய்லரைத் தன் பக்கம் இழுக்கிறது, பிறகு தள்ளிவிடுகிறது. விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போகும் அளவுக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் வந்தேன். பின்னால் ஒரு ஊர்வலமே சேர்ந்துவிட்டது. ஒரு பையன் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். ஆரின் இருந்திருந்தால் கெட்ட வார்த்தை சொல்லியிருப்பார். நானே சொன்னேன், நன்றாக இருந்தது.

ஓய்விடத்தில் நிறுத்தி, பின்னால் ஏறி, என் அடுப்பில் என் காபியைப் போட்டு, என் ஜன்னலோரம் உட்கார்ந்து குடித்தேன். இதை லொரெய்ன் பார்த்திருக்க வேண்டும்.

ஜூன் 3

பெட்ரோல். பெட்ரோல். மறுபடியும் பெட்ரோல். லொரெய்னிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 5, மொன்டானா

கணவாயில் இறங்கும்போது டிரெய்லர் முதுகில் கை வைத்துத் தள்ளுவது தெரிந்தது. கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, ஒருவழியாகக் கீழே வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஒரு கேம்ப்பில் இடம் பிடித்தேன். பின்னால் எடுத்து நிறுத்தத் தொடங்கியதும், அவரவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கேம்ப்பில் இதுதான் மாலைக் காட்சி. தொப்பி போட்ட ஒருவர் ஓடி வந்து கையை ஆட்டினார்.

"லெஃப்ட், லெஃப்ட்... இல்ல, என் லெஃப்ட்."

அவர் மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "அவர் பேச்சக் கேக்காதீங்க. போன வருஷம் எங்க வண்டியத் தூண்ல விட்டவரு அவருதான்."

நான்காவது தடவையில் சரியாக நின்றது. கைதட்டினார்கள். பிறகு வரிசையாக வந்து பேசினார்கள். எத்தனை அடி, என்ன எடை, கூரை ஒழுகுமா, எந்த வருஷத்து வண்டி. ஒரு மணி நேரம் பேசினோம். என் பெயரை யாரும் கேட்கவில்லை என்று படுக்கும்போதுதான் உறைத்தது.

ஜூன் 7, மெரிடியன்

வந்து சேர்ந்துவிட்டேன். கர்ட் வாசலுக்கு ஓடி வந்து, கட்டிப்பிடித்து, முதுகில் இரண்டு தட்டு தட்டினான். அவனுக்கு நரை வந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவன் மனைவி ஷானன் வேலை உடுப்போடு வந்தாள். கால்நடை மருத்துவமனையில் வேலை. மேற்கு டெக்சஸ்காரி. கல்யாணமாகி நான்கு வருஷத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். சத்தமாகப் பேசுகிறாள், நேராகக் கண்ணைப் பார்க்கிறாள்.

"உள்ள ஒரு ரூம் இருக்கு, வெர்னா. அங்க படுத்துக்கறீங்களா?"

"ஐயோ வேண்டாம்மா. என் படுக்கைதான் என்னோட வந்திருக்கே. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு."

இது எங்கள் ஊரில் பதிலே கிடையாது. அவர்கள் கேட்க வேண்டும், நாம் வேண்டாம் என்க வேண்டும். "தொந்தரவு என்ன இதுல?" என்று மறுபடி கேட்பார்கள், நாம் மறுபடி வேண்டாம் என்போம். மூன்றாவது தடவை "அட, வாங்கன்னா" என்று வந்த பிறகுதான், "உங்களுக்குச் சிரமமில்லேன்னா சரி" என்போம். ஒரு வாய் காபிக்கே இத்தனை உண்டு. முதல் கேள்விக்கே சரி என்று சொல்கிறவளை அதற்கே அலைகிறவள் என்பார்கள்.

ஷானன், "சரி, உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு, டிரெய்லருக்குக் கரண்டு கொடுக்க ஒயரை எடுத்து வரப் போய்விட்டாள்.

இரண்டாவது "வேண்டாம்" என் வாயிலேயே நின்றது.

கர்ட் குனிந்து சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்த வழக்கம் தெரியும். அதிலேயே வளர்ந்தவன். அவனாவது கேட்டிருக்கலாம். நிமிரவேயில்லை.

ஜூன் 8

சாப்பாட்டைத் தட்டில் போட்டு, அலுமினியத் தாள் மூடி, ஷானன் வெளியே கொண்டு வந்து கொடுத்தாள். "களைப்பா இருப்பீங்க. நிம்மதியாச் சாப்பிடுங்க." மாட்டிறைச்சி டாக்கோ. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் காரம்.

என் ஜன்னலிலிருந்து அவர்களுடைய சமையலறை தெரிகிறது. கர்ட் என்னவோ சொன்னான், அவள் கரண்டியால் அவன் தோளில் அடித்துச் சிரித்தாள். நான் பத்தடி தூரத்தில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஆயிரத்து முந்நூறு மைல் வந்தவள்.

என்னுடைய கதவு, என்னுடைய தாழ்ப்பாள் என்று லொரெய்னிடம் பெருமையடித்தேனே. தட்ட யாரும் வரவில்லை என்றால் அந்தத் தாழ்ப்பாளுக்கு என்ன வேலை?

ஜூன் 10

பக்கத்து வீட்டு கிரெக் நாயோடு வந்தார். மிகவும் இனிமையான மனிதர். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல" என்றுதான் தொடங்கினார். இந்தக் குடியிருப்புச் சங்கத்தில் டிரெய்லரை வீட்டு வாசலில் மூன்று நாளுக்கு மேல் நிறுத்தக் கூடாதாம். தெருவின் அழகு கெடுகிறதாம். கர்ட்டுக்கு முகம் சுண்டிப்போனது.

"நான் எப்படியும் நாளைக்குக் கிளம்பறதாத்தான் இருந்தேன்," என்றேன்.

பொய். எங்கே கிளம்புவது? சொல்லிவிட்டு இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். ஷானன் கர்ட்டைப் பார்த்தாள். கர்ட் தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "மேல ஆத்தோரமா ஒரு கேம்ப் இருக்கும்மா. ஒரு மணி நேரந்தான். பைன் மரமா இருக்கும். உனக்கு ரொம்பப் பிடிக்கும்."

பிடிக்கும் என்றேன்.

ஜூன் 11, ஆற்றோரம்

பைன் மரமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 21

சின்ன டிரெய்லரில் இருப்பவள் வெளியேதான் வாழ வேண்டும் என்பதை மறந்திருந்தேன். மழை பெய்தால் உள்ளே. உள்ளே என்றால் படுக்கை. மூன்று நாளாக மழை. உட்கார்ந்தால் தலை அலமாரியில் இடிக்கிறது, நின்றால் விளக்கில் இடிக்கிறது. இரண்டு பேர் இதில் எப்படி இருந்தோம்? ஆரின் திரும்பிப் படுத்தால் நானும் திரும்ப வேண்டும். அப்போது அதற்குச் சலித்துக்கொண்டேன். இப்போது படுக்கை முழுவதும் எனக்கு. ஓரத்தில்தான் தூங்குகிறேன்.

நல்லதும் எழுத வேண்டும். ஒழுகவில்லை.

ஜூன் 25

இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே கேம்ப்பில் இருக்கக் கூடாது என்பது வனத்துறை விதி. இன்று கழற்றி, மாட்டி, ஆற்றோரம் இன்னும் மேலே உள்ள கேம்ப்புக்கு வந்தேன். தண்ணீரை வடித்து, ஜாடிகளைத் துண்டில் சுற்றி, கூரைச் சன்னலை மூடி, சங்கிலியைக் குறுக்காக மாட்டி, விளக்கைச் சோதித்து. விளக்கைச் சோதிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்க்க. பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன். "எரியுது" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கீழே போக வேண்டும். வனத்துறையாவது என்னை அடிக்கடி நினைத்துக்கொள்கிறது.

ஜூலை 4

கர்ட் வந்தான். தனியாக.

"ஷானன் வரலியா?"

"வேலை."

விடுமுறை நாளில் என்ன வேலை என்று கேட்கவில்லை. டயரில் காற்றைப் பார்த்தான். கொக்கிக்குக் கிரீஸ் வைத்தான். சக்கர பேரிங்கை இந்த வருஷம் மாற்ற வேண்டும் என்றான். நான் உருளைக்கிழங்கும் கறியும் போட்டு வேகவைத்ததை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். "எப்படி இருக்கேம்மா?" என்று அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டிரெய்லர் எப்படி இருக்கிறது என்பது மட்டும் இரண்டு பேருக்கும் முழுசாகத் தெரியும்.

கிளம்பும்போது கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்று பேசினான். எங்கள் ஊரில் விடைபெறுவது இப்படித்தான், அதை மட்டும் அவன் மறக்கவில்லை. அதில் நான் எதிர்பார்த்த வார்த்தை மட்டும் வரவில்லை.

ஷானனுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அது எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஜூலை 18

பனிக்கட்டி விற்கிற பெண்ணிடம் "ஒரு மூட்டை" என்றேன். இன்று பேசியது அவ்வளவுதான்.

ஜூலை 27

லொரெய்ன் போன். கீழ்வீட்டைப் பற்றி இரண்டாவது முறை கேட்டாள். "ஜன்னலத் திறந்தா ஏரி தெரியுதுடீ." வேண்டாம், இங்கே நன்றாக இருக்கிறது என்றேன். "அது சரி," என்றாள். போனை வைத்த பிறகும் அவள் குரலே கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 3

ஏரி என்று பலகை போட்டிருந்தது. நம்பித் திரும்பினேன். நான்கு மைல் போன பிறகு, குறுக்கே விழுந்த மரம். அதோடு சாலை தீர்ந்தது. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். டிரெய்லரோடு திரும்ப வழியே இல்லை. நான்கு மைலும் பின்னாலேயே எடுக்க என்னால் ஆகாது. போனில் சிக்னல் கோடே இல்லை. உட்கார்ந்து அழுதேன். ஒண்ணும் மறைக்கறதுக்கில்ல, நல்லா அழுதேன்.

அழுது முடித்ததும் யோசித்தேன். சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். டிரெய்லரைக் கழற்றினேன். அதன் மூக்கிலுள்ள சின்னச் சக்கரத்தை இறக்கினேன். பிக்கப்பை மட்டும் முன்னும் பின்னும் எடுத்து எடுத்துத் திருப்பி, ஓரமாக உரசிக்கொண்டு டிரெய்லருக்கு அந்தப் பக்கம் கொண்டு போனேன். பிறகு கட்டையை எடுத்துவிட்டு டிரெய்லரைக் கையாலேயே, தோள் கொடுத்து, கொஞ்சம் தள்ளிக் கட்டை, கொஞ்சம் தள்ளிக் கட்டை என்று அரைவட்டம் சுற்றினேன். பெரிய டிரெய்லராக இருந்தால் நடக்காது. சின்னதாக இருப்பதன் முழு நன்மையும் இன்று தெரிந்தது.

கொக்கி 'டொக்' என்று உட்கார்ந்த சத்தம் கேட்டதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன். கத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். ஒரு அணில் இருந்தது.

லொரெய்னிடம் சொன்னால் "நான் சொன்னேனே" என்பாள். கர்ட்டிடம் சொன்னால் பயப்படுவான். ஆரினிடம் சொல்லலாம். இங்கே எழுதிவிட்டேன், போதும்.

ஆகஸ்ட் 17

என்ன நாள் இது.

காலையில் கேம்ப் மாற்றும்போது, புது இடத்தில் பின்னால் எடுக்கையில், தண்ணீர்க் குழாய்க் கம்பத்தில் விட்டுவிட்டேன். டிரெய்லரின் பின்மூலை பிளந்து, விளக்கு தொங்கியது. குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சியது. கேம்ப் காவலர் ஓடி வந்து தண்ணீரை அடைத்தார். டிரெய்லர் குறுக்கே நிற்கிறது, முன்னாலும் எடுக்க முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. கர்ட்டுக்குப் போன் செய்தேன். நெவாடாவில் எங்கேயோ ஒரு பண்ணையில் பம்பு மாட்டும் வேலையில் இருந்தான். ஷானனை அனுப்புகிறேன் என்றான். வேண்டாம், வேண்டாம் என்றேன். அதற்குள் வைத்துவிட்டான்.

வேலை உடுப்போடேயே வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சாவிக்குக் கையை நீட்டினாள். பிக்கப்பில் ஏறி, ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடித்து, முன்னால் ஓர் இழுப்பு, பின்னால் ஒரே தள்ளு. மரத்துக்கும் மேசைக்கும் நடுவே கச்சிதமாக நிறுத்திவிட்டாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டவர்கள் ஏமாந்துபோனார்கள்.

"குதிரை டிரெய்லர் இழுத்தே வளர்ந்தவ நான்," என்றாள். "உள்ள ஒரு குதிரை நின்னுச்சுன்னா தப்பு விட முடியாது."

காபி போட்டேன். குடித்தாள். டிரெய்லருக்குள் அவள் வந்தது இதுதான் முதல் தடவை. சுற்றிப் பார்த்தாள். அடுப்பு, தட்டு, என் டவல், உப்பு ஜாடி.

"ஒண்ணு கேக்கட்டுமா, வெர்னா? எங்க வீட்ல எது உங்களுக்குப் பிடிக்கல?"

எனக்குப் புரியவில்லை.

"நீங்க வரீங்கன்னு அந்த ரூமுக்கு நானே பெயிண்ட் அடிச்சேன். புதுத் திரை தைச்சேன். நீங்க என்னடான்னா ஒரு வீட்டையே இழுத்துக்கிட்டு வந்து எங்க வாசல்ல நிறுத்தறீங்க. உங்க அடுப்பு, உங்க தட்டு, உங்க தலகாணி. எங்க ஊர்ல மாமியா இப்படி வந்து நின்னா, உன் கையால பச்சத் தண்ணி கூடக் குடிக்க மாட்டேன்னு அர்த்தம். எங்கம்மா கேட்டா செத்தே போயிருப்பா."

"நீ ஒரு தடவைதானே கேட்ட?" என்றேன்.

"நீங்க வேணாம்னீங்க."

"முதல் தடவை எல்லாரும் வேணாம்னுதான் சொல்லுவாங்க. மூணு தடவை கேக்கணும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க ஊர்ல வேணாம்னு சொன்னவங்கள மறுபடியும் கேட்டா, அது வம்பு. மனுஷங்க வாயால சொல்றத நம்பணும்னு சொல்லித்தான் வளத்தாங்க."

இரண்டு பேரும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. ஒரு கோடை முழுவதும் போய்விட்டது.

"சரி, ரெண்டாவது தடவையாக் கேக்கறேன்," என்றாள். "வீட்டுக்கு வரீங்களா?"

"இல்லம்மா, உனக்கு எதுக்குத் தொந்..."

வாய் தானாகவே சொல்லிவிட்டது. கையால் பொத்திக்கொண்டேன். அவள் எழுந்துவிட்டாள்.

"மூணாவது நான் கேக்க மாட்டேன். இந்த வழக்கம் தெரிஞ்சவன் ஒருத்தன் வீட்ல இருக்கான். அவன் கேக்கட்டும்."

காபிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 18

கர்ட்டுக்குத் தெரியும். அதைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஷானனுக்குத் தெரியாது, சரி. அவனுக்குத் தெரியுமே. அன்னிக்கு அவ ஒரு தடவை மட்டும் கேட்டத அம்மா நிசமா எடுத்துக்க மாட்டா, அம்மா சொன்னதும் நிசமில்லன்னு அவனுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் ஏன்டா குனிஞ்சே இருந்தே?

அவள்தான் என்னை வேண்டாம் என்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவரை பரவாயில்லாமல் இருந்தது.

ஆகஸ்ட் 24

கர்ட் வந்தான். விளக்கை மாட்டினான். பிளந்த மூலைக்குப் பசையும் துணியும் வைத்து ஒட்டினான், காயட்டும் என்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஷானன் அவனிடம் சொல்லியிருப்பாள், சந்தேகமில்லை. பேரிங்கைப் பற்றிப் பேசினான். ஆற்றில் தண்ணீர் குறைந்ததைப் பற்றிப் பேசினான். கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்றான்.

கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26

லொரெய்ன். கீழ்வீட்டுக்கு இந்த வாரம் பதில் சொல்ல வேண்டுமாம். "வந்துடேன், வெர்னா. உனக்குப் பிடிச்ச பச்சை பெயிண்ட்டே அடிக்கச் சொல்றேன்."

மாதக் கடைசிவரை பொறு என்றேன். செப்டம்பர் முதல் வார விடுமுறை முடிந்ததும் கேம்ப்பை மூடிவிடுகிறார்கள். தண்ணீரை அடைத்து, வாயில் கம்பியை இறக்கிவிடுவார்கள். எந்தப் பக்கம் திரும்புவது என்பது அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 31

எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

கர்ட் பேரிங் மாற்ற வந்தான். சக்கரத்தைக் கழற்றிக் கீழே வைத்திருந்தான், கையெல்லாம் கிரீஸ். நான் பக்கத்தில் மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். இனி பெமிட்ஜி வரைக்கும் தாங்கும் என்றான். அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது.

"கர்ட், குளிர்காலத்துக்கு நான் உங்க வீட்ல இருக்கட்டுமா?"

அறுபத்தெட்டு வருஷத்தில் யாரிடமும் எதையும் இப்படி நேராகக் கேட்டதில்லை. முகம் கொதித்தது. பிச்சை கேட்ட மாதிரி இருந்தது.

அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்பா போன அன்னிக்கு ராத்திரி வந்துடும்மான்னு கேட்டேன். வேணாம்னே. நல்லடக்கம் முடிஞ்சு கேட்டேன், வேணாம்னே. வீட்ட விக்கறப்போ போன்ல கேட்டேன். அது மூணாவது. அதுக்கும் வேணாம்னே. எனக்கு லொரெய்ன் இருக்கா, டிரெய்லர் இருக்குன்னு சொன்னே." மூச்சு விட்டான். "மூணு தடவை வேணாம்னா அது நிசமாவே வேணாம்தானேம்மா? நீதானே சொல்லிக் குடுத்தே. நாலாவது கேக்க என்னால முடியல."

மூன்றும் தனித்தனியாக நினைவிருக்கிறது, ஆனால் அவை கேள்விகள் என்று அப்போது தோன்றவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்திருந்தேன். அவன் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

"அப்போ எனக்குப் பேச்சு வரல, கர்ட்," என்றேன். "வாய்ல வர ஒரே வார்த்தை அதுதான்."

கிரீஸ் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டான். தட்டவில்லை. பிடித்துக்கொண்டுதான் இருந்தான். என் நல்ல சட்டை வீணாகிவிட்டது.

செப்டம்பர் 2

லொரெய்னுக்குச் சொன்னேன். நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. "அது சரி," என்றாள். பிறகு, "பச்சை பெயிண்ட் வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றாள்.

மே மாதம், ஜூலை, போன வாரம். முறைப்படி மூன்று தடவை கேட்டவள் அவள் ஒருத்திதான். எனக்கு வீடு பார்த்தது என் தனிமைக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அந்தக் கட்டடத்தில் தனியாகத்தான் இருக்கிறாள். அங்கே வந்துவிடு என்று யாருக்காகக் கேட்டாள்? இதை ஏன் நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை?

குளிர்காலத்தில் இங்கே வா என்றேன். பார்க்கலாம் என்றாள். இரண்டாவது தடவை நாளைக்குக் கேட்பேன், மூன்றாவது தடவை ஞாயிற்றுக்கிழமை.

செப்டம்பர் 6, மெரிடியன்

டிரெய்லரை ஊருக்கு வெளியே ஒரு வைக்கோல் பண்ணையில், கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறோம். ஷானன்தான் பின்னால் எடுத்தாள். கிரெக் வந்து, "போயிடுச்சா? எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லியே," என்றார்.

அறை மஞ்சள் நிறம். திரையில் சின்னச் சின்ன இலைகள். தூக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

செப்டம்பர் 15

இன்னும் விருந்தாளிதான். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே நடக்கிறோம். "தேங்க்ஸ்", "பரவாயில்ல", "நீங்க மொதல்ல". குளியலறைக்குப் போக அவர்கள் எழுவதற்கு முன்பே எழுந்துகொள்கிறேன். டிரெய்லரில் இருந்த தனிமைக்கு ஒரு பெயர் இருந்தது. இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. பண்ணைக்குப் போய், டிரெய்லருக்குள் ஏறி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 6

ஞாயிறன்று ஷானன் அவள் ஊர் சாக்லேட் கேக் செய்திருந்தாள். பெரிய தட்டு நிறைய, மேலே அக்ரூட். இன்று மத்தியானம் குளிர்பெட்டியில் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. பாதியாக வெட்டுவார்கள், அந்தப் பாதியைப் பாதியாக்குவார்கள், கடைசியில் கத்தி நுழையாத அளவுக்கு ஆனதும் காய்ந்துபோய்க் குப்பைக்குப் போகும்.

குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே தின்றேன்.

சாயங்காலம் ஷானன் வந்து பெட்டியைத் திறந்தாள். "யாரு என் கேக்கத் தின்னது?"

"நான் இல்ல," என்றான் கர்ட், உள்ளறையிலிருந்து.

"நான்தான்," என்றேன்.

"நாள் பூரா அதை நெனச்சுக்கிட்டே வந்தேன், வெர்னா. காலைல ஒரு நாய் என்னைக் கடிச்சுது, அப்பவும் அந்தக் கேக்கைத்தான் நெனச்சேன். ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

"கேக்கணும்னு தோணல. அடுத்த தடவை பெருசாச் செய்."

கதவை டமாலென்று சாத்தினாள். தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு ரொட்டி ஒன்றை எடுத்து வாட்டினாள். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. எழுந்து போய், அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நானும் ஒன்றை வாட்டிக்கொண்டேன்.